நிஜாம் நகைகளை லாக்கர்லயே வச்சு என்ன பண்றோம்?

கடைசிபெஞ்ச்:
ரொம்ப நாளா மனசுல இருக்கற டவுட்டு. ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம் ராஜாக்களோட நகை 173 அயிட்டத்தை 1995ல நம்ம சென்ட்ரல் கவர்மென்ட் 218 கோடி ரூபா கொடுத்து வாங்கிச்சு, அப்புறம் நேரா ரிசர்வ் பேங்க் பெட்டகத்துக்குள்ள போட்டு பூட்டிட்டாங்க. 2001, 2007, 2019னு டெல்லி நேஷனல் மியூசியத்துல காட்டினாங்க, நடுவுல ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்துலயும் வச்சாங்க, அவ்வளவுதான். மத்த நேரமெல்லாம் இருட்டுலதான் கிடக்கு. பாரம்பரியம் பாரம்பரியம்னு சொல்றோமே, யாரும் பாக்காத பொருளுக்கு என்ன பாரம்பரிய மதிப்பு? வித்து நாலு ஆஸ்பத்திரி கட்டினா தேவல இல்லையா? சண்டைக்கு வரல, நிஜமாவே கேக்கறேன்.

பட்டறைக்காரன்:
பாஸ், நாங்க பரம்பரையா நகை வேலை பாக்கறவங்க, அதனால கல்லு ரேட்டை விட்டுட்டு வேலையைப் பத்தி மட்டும் சொல்றேன். அந்தக் கலெக்‌ஷன்ல பாதிக்கு மேல அழகே குந்தன் வேலைதான். கல்லைப் புடிக்க கொக்கி கிடையாது, உள்ள அரக்கு ஊத்தி, கல்லுக்கு அடியில பளபளன்னு ரேக்கு, அதாவது மெல்லிசு தகடு, வச்சு, சுத்தி சுத்தத் தங்கத்தை ரேக்கு ரேக்கா அழுத்தி அழுத்தியே கல்லை நிக்க வைப்பாங்க. பின்பக்கம் பாத்தா எனாமல்ல பூ, கிளி. அது உடம்புல படற பக்கம், போட்டவங்களைத் தவிர யார் கண்ணுலயும் படாது, ஆனா அதுக்கும் அவ்ளோ வேலை! இதைப் பிரிச்சு வித்தா கல்லுக்குக் காசு வரும், தங்கத்துக்குக் காசு வரும், வேலை காத்துல போயிரும், திரும்ப சேர்த்து வச்சாலும் அது அதே நகை கிடையாது. ஏலத்துல போற பழைய நகைக்கெல்லாம் பல சமயம் இந்தக் கதிதான்.

மெட்ராஸ்வாசி:
மேல சொன்னதுக்கு பிரான்ஸே சாட்சி. 1887ல அங்க குடியரசு கவர்மென்ட், ராஜா திரும்பி வந்துரக் கூடாதுன்னே அரச நகைகளை ஏலம் போட்டுச்சு, நிறைய கல்லை அமெரிக்க நகைக்கடை டிஃபனி கம்பெனி அள்ளிட்டுப் போச்சு. அப்புறம் நூறு வருஷம் கழிச்சு லூவர் மியூசியமே அதுல சிலதைத் தேடித் தேடி விலைக்கு வாங்குச்சு. அப்படி வாங்கினதுலயும் சிலது 2025 அக்டோபர் திருட்டுல போயிருச்சு, அது வேற கொடுமை. திருடனுங்க தொடாம விட்டது ரீஜன்ட் வைரம், 140 கேரட். அது வைரச் சுரங்கத்துக்குப் பேர்போன பழைய கோல்கொண்டா ராஜ்ஜியத்து கல்லு, அதை வாங்கினது நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டை கவர்னர் தாமஸ் பிட். மெட்ராஸ்ல கை மாறின கல்லு பாரிஸ்ல உக்காந்திருக்கு.

அப்புறம் ஒண்ணு, நிஜாம் நகைன்னாலே எல்லாரும் ஜேக்கப் வைரத்தை கோல்கொண்டான்னு அடிச்சு விடறாங்க. 184.75 கேரட், கல்லு தென்னாப்பிரிக்கா. சிம்லா நகை வியாபாரி ஜேக்கப் ஆறாவது நிஜாமுக்கு விக்கப் போய் கல்கத்தா ஹைகோர்ட் வரைக்கும் கேஸ் ஓடுச்சு. அப்பாவோட ஷூவுக்குள்ள கிடந்ததை ஏழாவது நிஜாம் எடுத்து பேப்பர் வெயிட்டா வச்சிருந்தார்னு சொல்லுவாங்க. கொலம்பியா மரகதம், பர்மா மாணிக்கம், பாரசீக வளைகுடா முத்து எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு, தக்காணத்துல ஒரு காலத்துல எங்கெங்க இருந்து பணமும் கப்பலும் வந்து போச்சுன்னு அதுலயே தெரியும்.

வெட்டிப்பேச்சு:
எல்லாம் சரி, யார் காசு சார் அது? தெலங்கானாவுல கூலி கொடுக்காம வெட்டி வேலை வாங்கி, வரி போட்டு உறிஞ்சின காசு. 1946ல விவசாயிங்க சும்மாவா எந்திரிச்சாங்க? அந்த ஊரு ஜனத்தோட வேர்வையை டெல்லில கண்ணாடிக்குள்ள வச்சு "ஆஹா என்ன ஒரு ராஜ ரசனை"ன்னு எழுதி ஒட்டறதுதான் கடுப்பாகுது. வைக்கறதா இருந்தா ஹைதராபாத்ல வைங்க, இந்தக் கதையையும் சேர்த்து எழுதி வைங்க.

கல்லெழுத்து:
வெட்டிப்பேச்சு சொல்றதோட ஒத்துப்போறேன், ஆனா நான் ஒரு படி மேல போறேன். நகையை விட நகையோட கணக்குதான் எனக்குப் பெருசு. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்க. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லுல வெட்டச் சொல்லி ராஜராஜன் ஆர்டர் போட்டு, ஒவ்வொரு நகையா லிஸ்ட் ஓடுது. தங்கத்துக்கு ஆடவல்லான்னு ஒரு எடைக்கல்லு, ரத்தினம் பதிச்சதுக்கு தக்ஷிணமேருவிடங்கன்னு தனிக்கல்லு, கழஞ்சு மஞ்சாடி குன்றின்னு அந்தக் கால சின்னச் சின்ன எடை வரைக்கும் நிறுத்திருக்காங்க. முத்துல வட்டம், அனுவட்டம், சப்பட்டின்னு தரம் பிரிச்சு எண்ணிருக்காங்க. வைரத்துல புள்ளி விழுந்தது, வெந்தது எதையும் மறைக்கல. சேரமானையும் பாண்டியரையும் ஜெயிச்சு எடுத்துட்டு வந்த பண்டாரத்துல, அதாவது கஜானாவுல இருந்து இதைக் கொடுத்தோம்னு ஓப்பனாவே எழுதியிருக்கு, அதாவது கொள்ளையடிச்ச பொருள்னு கொடுத்தவங்களே சொல்லிட்டாங்க. அந்த நகை ஒண்ணு கூட இன்னைக்கு இல்ல, ஆனா 1010 வாக்குல பட்டறைல என்ன செஞ்சாங்க, பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியுது. நிஜாமோட 173 பொருளுக்கும் முன்பக்கம், பின்பக்கம், எடை, கல்லு, யார்கிட்ட இருந்து வந்துச்சு எல்லாத்தையும் போட்டோவோட நெட்ல போட்டு எவன் வேணா பாக்கலாம்னு விட்டா, லாக்கர்ல இருந்தா கூட பாதி பிரச்சனை தீந்துரும்.

கடைசிபெஞ்ச்:
விக்கணும்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் பட்டறைக்காரரே, அந்தப் பின்பக்க மேட்டர் தெரியாது. ஆனா போட்டோ மட்டும் போதும்ங்கறதை ஒத்துக்க முடியல, குந்தன் வேலை வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாதானே புரியும்? சரி, அடுத்த மாசம் ஹைதராபாத் போறேன், ஏதாச்சும் பாக்கக் கிடைக்குமா?

மெட்ராஸ்வாசி:
அந்த 173 கிடைக்காது. புரானி ஹவேலிங்கற பழைய அரண்மனைல நிஜாம் மியூசியம் போங்க, ஏழாவது நிஜாமோட ஆட்சி வெள்ளி விழாவுக்கு 1937ல வந்த பரிசெல்லாம் இருக்கு. அங்கதான் 2018ல தங்க டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போனானுங்க, கொஞ்ச நாள்ல மீட்டுட்டாங்க, ஒருத்தன் அதுலயே சாப்பிட்டானாம்னு போலீஸ் சொல்லுச்சு. லாக்கர்ல வைக்கறவங்க பயத்துலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது. கிளம்பறதுக்கு முன்னாடி எந்த நாள் லீவுன்னு போன் பண்ணிக் கேட்டுக்குங்க.