அருவப் புறனடை வகுப்பு: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜாவா மொழியில் நிரல் எழுத உதவும் ஸ்பிரிங் என்ற கட்டமைப்பைப் பற்றிய பயிற்சிக் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது ‘அப்ஸ்ட்ராக்ட் எக்செப்ஷன் கிளாஸ்’ என்ற தொடரில் நின்றுவிட்டேன். நிரல் ஓடும்போது நேரும் தவறை அறிவிப்பதுதான் எக்செப்ஷன். ‘கருத்தியல் விதிவிலக்கு வகுப்பு’ என்று இங்கே ஒருவர் பரிந்துரைத்திருந்தார். முதல் இரண்டு சொற்களிலும் எனக்கு உடன்பாடில்லை. வகுப்பு இருக்கட்டும், அது நிலைத்துவிட்ட சொல்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பதிவுப் பக்கத்தில் ஒருவர் ஏற்கெனவே உள்ள மின்னஞ்சல் முகவரியையே மறுபடி கொடுக்கிறார். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் ஆனால் அது 1062 என்ற பிழை எண்ணைத் தருகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் 23505 என்கிறது. ஆரக்கிளில் அது 00001. நடந்ததோ ஒன்றே. ஸ்பிரிங் இம்மூன்றையும் ‘டூப்ளிகேட்கீ எக்செப்ஷன்’ என்ற ஒரே பெயருக்குக் கொண்டுவருகிறது. அதன் மூதாதை ‘டேட்டாஆக்சஸ் எக்செப்ஷன்’. அப்ஸ்ட்ராக்ட் ஆனது இதுதான். ஒன்றைப் புதிதாக உருவாக்கும் ‘நியூ’ என்ற கட்டளைச் சொல்லைப் போட்டு அதை நேரடியாக உருவாக்க முடியாது. எறிவதற்கு, அதாவது தவறு நேர்ந்ததை நிரலில் அறிவிப்பதற்கு, அதன் வழிவந்த வகுப்பு ஒன்று வேண்டும். ஆனால் எறிந்ததைப் பிடிக்கும் ‘கேட்ச்’ பகுதியில் மூதாதையின் பெயரை எழுதிவிட்டால் வழிவந்தவை எல்லாமே அதில் அகப்படும்.

‘உருவாக்க முடியாது’ என்கிறோமே, தேடும் சொல் அதற்குள்ளேயே இருக்கிறது. உரு இல்லாதது அருவம். கருத்தியல் என்றாலோ அரசியல் கொள்கைதான் நினைவுக்கு வருகிறது.

விதிவிலக்கில் சலுகையின் சாயல் ஒட்டியிருக்கிறது. வரிவிலக்கு, கட்டண விலக்கு என்று கேட்டே பழகிவிட்டோம். தரவுத்தள இணைப்பு அறுந்துபோவது யாருக்கும் சலுகை அல்ல. புறனடை நம் இலக்கணத்தின் சொல். சொல்லிய விதிகளுக்குள் அடங்காமல் எஞ்சியவற்றையும் தழுவிக்கொள்ளும் நூற்பா அது. நன்னூல் எழுத்ததிகாரத்தின் முடிவில் அப்படியொன்று நிற்கிறது. கறாராகப் பார்த்தால் அது அந்த நூற்பாவின் பெயர்தான், எஞ்சியவற்றின் பெயர் அல்ல என்று இலக்கணம் கற்றவர்கள் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஆனால் இலங்கைத் தமிழில் ‘புறநடை’ என்ற வடிவில் அது விதிக்குள் வராததையே குறித்து வழங்கிவருகிறது. வழக்கில் உள்ளதை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவே.

‘அருவப் புறனடை’ என்று மட்டும் எழுதினால் கண்ணுக்குத் தெரியாத பிழை என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். ஆகவே வகுப்பு என்பதை விடாமல் எழுத வேண்டும்:

‘அருவப் புறனடை வகுப்பை எறிய முடியாது, அதன் பெயரால் பிடிக்கலாம்.’

இந்த வரி படித்தவுடன் புரிகிறதா? வழிவந்த வகுப்பை ‘உருப் புறனடை’ எனலாமா? இலங்கை நண்பர்கள் னகரமா நகரமா என்பதையும் சொல்லுங்கள்.