திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: 'நிலை உராய்வு' சரியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, அறிவியல் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்வழி வகுப்பு எடுக்கிறேன். செய்முறைத் தாளைத் திங்கள் காலை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும்.

சோதனை எளியதுதான். 200 கிராம் மரக்கட்டையைப் பலகைமேல் வைத்து, அதில் கட்டிய நூலைக் கப்பி வழியே தொங்கவிட்டு, தட்டில் எடைக்கற்களைச் சேர்க்கிறோம். 30 கிராமுக்குக் கட்டை அசையவில்லை, 60க்கும் அசையவில்லை. தட்டோடு சேர்த்து 80 ஆனதும் நகர்ந்தது. பலகையை விரலால் மெல்லத் தட்டி ஓடவிட்டால், சீரான வேகத்துக்கு 60 கிராமே போதும். இந்த எடைகளைக் கட்டையின் 200 கிராமால் வகுத்தால் வரும் உராய்வுக் குணகங்கள்: நகரத் தொடங்கும்போது 0.4, ஓடும்போது 0.3.

நிற்கும் கட்டையின் உராய்வை 'நிலை உராய்வு' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "நிலை என்றால் மாறாததுதானே டீச்சர்? 30 வைத்தபோதும் 60 வைத்தபோதும் ஒரே உராய்வா?" என்று கேட்டாள். நிற்கும் கட்டையின் உராய்வு இழுப்புக்கு ஈடாக ஏறிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ மாறாதிருப்பது ஓடும் கட்டையின் உராய்வு. சொல் உண்மையைத் தலைகீழாக்குகிறது. வேறு சொல் தாருங்கள். 80 கிராமில் வரும் அந்த உச்ச மதிப்புக்கும் ஒரு பெயர் வேண்டும்.

ஆந்திரத்தின் நகரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, மாணவிக்கு என் வாழ்த்து. ஆனால் பிழை 'நிலை'யில் மட்டும் இல்லை. உரை, உரசு, உரிஞ்சு, உராய் எல்லாம் ஒரே குடும்பம். பொன்னை உரைத்துப் பார்ப்பதால் அது உரைகல். உங்கள் பக்கத்து மலையாளத்திலும் உரசல் உண்டு. பாடநூலில் ஏறும்போது கர்ஷணம் ஆகிவிடுகிறது. எங்கள் பக்கத்துத் தெலுங்கிலும் கர்ஷணதான். நம்மிடம் வேர் உயிரோடு இருப்பதால் அதைக் கேட்டே சொல் ஆக்கலாம். ஒன்றின்மேல் ஒன்று நகராமல் உரசல் ஏது? நகராத கட்டை பலகையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அது 'பற்று'. ஒரே குறளில் ஆறு பற்றுகளை அடுக்கி, ஆறாவதை 'பற்று விடற்கு' என்று வள்ளுவர் முடிக்கிறாரே, உங்கள் 80 கிராம் அந்த இடம்தான். 'விடுபற்று' என்று வையுங்கள்.

வாளையாற்றிலிருந்து, இயற்பியல் படித்த பொறியாளர்:

ஐயா, விடுபற்று அழகான சொல். ஆனால் பற்று என்றதும் பிள்ளைகளுக்குப் பசைபோல ஒட்டுவதுதான் நினைவுக்கு வரும். ஒட்டுவிசை வேறு பாடம். நிற்கும் கட்டை, ஓடும் கட்டை இரண்டுக்கும் 'உராய்வு' என்ற சொல் பொதுவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உச்ச மதிப்பானாலும் ஓடும்போது உள்ள மதிப்பானாலும், செங்குத்து விசையைக் குணகத்தால் பெருக்கியே பெறுகிறோம். பெயரைப் பிரித்தால் அந்த உறவு மறைந்துவிடும். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'ஓய்வுநிலை உராய்வு', 'இயக்க உராய்வு' என்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் நாளை பொள்ளாச்சியிலோ கோவையிலோ படிக்கப் போனால் அந்தச் சொற்களைத்தான் சந்திப்பார்கள். உச்சத்துக்கு 'எல்லை உராய்வு' போதும்.

நகரியிலிருந்து:

60 கிராம் இழுத்தும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும் கட்டை ஓய்விலா இருக்கிறது? வண்டிமாடு மேட்டில் கால் ஊன்றி நிற்பதை யாராவது ஓய்வு என்பார்களா? புரிவதற்காகப் பொருளை விட்டுவிடச் சொல்கிறீர்கள்.

வாளையாற்றிலிருந்து:

பொருளை விடவில்லை, ஐயா. கட்டையின் வேகம் சுழி என்பதைத்தான் ஓய்வுநிலை குறிக்கிறது. விசை ஓய்ந்துவிட்டது என்று அது சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இருவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய மூவரும் 'ஓய்வுநிலை உராய்வு' என்றே சொன்னதால் தாளில் அதையே போட்டுவிட்டேன். 'இழுப்புக்கு ஏற்ப மாறும்' என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். உச்ச மதிப்பில்தான் மனம் ஒப்பவில்லை. இன்று பலகையைச் சாய்த்தும் பார்த்தோம். 22 டிகிரியை ஒட்டிக் கட்டை சறுக்கியது. அதன் டேன்ஜென்ட் மதிப்பு 0.4, கணக்கு ஒத்துவந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு பையன் "பிடி விட்டுவிட்டது!" என்று கத்தினான். எல்லை உராய்வு என்று அச்சிட்டிருக்கிறேன். கரும்பலகையில் 'பிடிவிடு உராய்வு' என்று எழுதினேன்.

நகரியிலிருந்து:

பிடியும் பற்றும் ஒன்றுதான், அம்மா. அடுத்த ஆண்டுத் தாளுக்கு மீண்டும் எழுதுகிறேன்.