பழைய கார் கார்புரேட்டரை வீட்டிலேயே பிரித்தவர்கள், மனதில் நிற்கும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்

பத்மினிக்காரன், கோவை

88 மாடல் பிரீமியர் பத்மினி கார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், சோலெக்ஸ் கம்பெனியுடையது. சிக்னலில் நின்றால் அணையும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி இருமிவிட்டுத்தான் கிளம்பும். இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்த நோய், விவரிக்கவில்லை. பட்டறையில் "பாடியே போச்சு சார், புதுசா மாத்திடுங்க" என்று 7,000 கேட்டார்கள். ரிப்பேர் கிட் 450. மாசக் கடைசி வேறு. சரி, நாமே பார்ப்போம் என்று மொட்டை மாடியில் பேப்பர் விரித்து, கழற்றியதை எல்லாம் எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்தேன்.

ஐடில் ஜெட்டை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் விடும் குட்டித் துளைத் திருகை, வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. ஊறவைத்து ஊதியதும் திறந்துகொண்டது. அதற்கப்புறம், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப்பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த டயாப்ரம், அந்த ரப்பர் சவ்வு, கம்பெனி சாமான் இல்லை. யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது. வளைவில் கத்தரி நின்று திரும்பிய இடம்கூடத் தெரிகிறது. ஸ்க்ரூ ஓட்டைகள் ஆணியைக் காய்ச்சிச் சுட்டவை. நடுவில் தேய்த்துத் தேய்த்து அளவாக்கிய செம்பு வாஷர். ரப்பர், சைக்கிள் டியூப் என்று நினைக்கிறேன்.

கிட்டில் வந்ததைப் போட்டேன், வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவரிடம் போனில் கேட்டேன், அவருக்குக் கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. யார் வெட்டியது, எந்த ஊரில் நடுரோட்டில் நின்றபோது வெட்டியது?

ஜிபி ரோடு ரசிகன்

சைக்கிள் டியூபாக இருக்க வாய்ப்பே இல்லை சார். ஒரு துண்டை ராத்திரி பெட்ரோலில் போட்டுப் பாருங்கள், காலையில் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். வெட்டிய ஓரத்தில் துணி நூல் தெரிகிறதா? தெரிந்தால் அது டாங்கிலிருந்து பெட்ரோல் இழுக்கும் ஏ.சி. கம்பெனி பம்ப்பின் பழைய டயாப்ரத்திலிருந்து வெட்டியது. இரண்டு ரப்பருக்கு நடுவே துணி வைத்த ஷீட் அது. பெட்ரோலுக்கென்றே செய்தது என்பதால் வருஷக்கணக்கில் தாங்கும்.

என் கதை புதுப்பேட்டையில். கிட் போட்டும் ஐடில் நிற்காததால் பழைய சோலெக்ஸ் ஒன்று தேடிப் போனேன். குவியலில் பளபளவென்று ஒன்று. 800 என்றார், பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன். கடைக்காரப் பெரியவர் கொடுக்கும் நேரத்தில் காற்றுக் கதவைத் திருப்பும் த்ராட்டில் ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மறுபடி ஆட்டினார். டக், டக். "இதுல காத்து திருட்டுத்தனமா உள்ள போவும் தம்பி, எத்தினி கிட்டு போட்டாலும் நிக்காது" என்று சொல்லிக் குவியலிலேயே எறிந்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னுடையதை ஆட்டினேன், அதே டக். லேத்தில் ஷாஃப்டுக்குக் கன்மெட்டல் புஷ், அதாவது வெண்கல வளையம், அடித்ததும் சரியாகிவிட்டது. அது கிடக்கட்டும். கையில் நீட்டிய 800-ஐ ஒரு வியாபாரி ஏன் வேண்டாம் என்றார்? அதுதான் இன்னும் பிடிபடவில்லை.

மைனர் வீட்டுப் பிள்ளை, யாழ்ப்பாணம்

எங்களுடையது மொரிஸ் மைனர், எஸ்.யூ. கார்பரேற்றர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம் பலருக்குத் தெரிந்திருக்கும். பெற்றோல் கண்மருந்துப் போத்தலில்தான் இருந்தது. கார்பரேற்றர் வாயில் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். ஒழுங்கை முழுக்கப் புகை.

அந்த நேரம் அப்பா, எஸ்.யூ. ஜெற்றுக்குள் ஏறி இறங்கும் ஊசியை எமரித் தாளால் தேய்த்து மெலிதாக்கினார். ஊசி மெலிந்தால் ஜெற்றில் இடைவெளி கூடும், எண்ணெய் கூடப் போகும். தேய்ப்பார், போட்டு ஓடிப் பார்ப்பார், திரும்பக் கழற்றித் தேய்ப்பார். பிறகு பெற்றோல் தாராளமாக வந்தபோது அதே ஊசி கறுப்புப் புகை கக்கியது, பிளக் எல்லாம் கரி. அப்பா மாற்ற விடவில்லை. கடைசியில் இங்கிலாந்திலிருந்து புது ஊசி எடுப்பித்து, அதன் தோள் பகுதி கார்பரேற்றர் பிஸ்ரனின் அடிமுகத்தோடு மட்டமாக நிற்கிற மாதிரி நானே பூட்டினேன். புகை நின்றது. அப்பா பொனற்றைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "அந்த ஊசியில பிழையில்லை, எண்ணெய்தான் மாறிப்போச்சு" என்றார். இதற்கு நான் என்ன மறுமொழி சொல்லியிருக்க வேண்டும்?

ரிட்டயர்ட் ஃபிட்டர்

என் அனுபவம் சின்னது. தெரிந்த பையன் ஒருவன் கார்புரேட்டர் பாடியைக் காஸ்டிக் சோடாவில் ராத்திரி ஊறப்போட்டான். காலையில் வாளியில் கறுப்புச் சேறும் கடித்துக் குதறிய உலோகமும்தான். அவன் முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். துத்தநாக, அலுமினியக் கலவைக்குக் காஸ்டிக் எமன். புளித்தண்ணீர் வைத்தியமும் வேண்டாம், அமிலம் அமிலம்தான். பெட்ரோலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும், அக்கம்பக்கத்தில் எங்கேயும் எரிகிற அடுப்போ பூஜை விளக்கோ இருக்கக்கூடாது. ஜெட்டில் இரும்புக் கம்பி, குண்டூசி விடாதீர்கள். சோலெக்ஸ் மெயின் ஜெட்டில் 120 என்று போட்டிருந்தால் ஓட்டை 1.20 மில்லிமீட்டர், ஐடில் ஜெட் அதில் பாதிகூட இருக்காது. ஒரு கீறல் விழுந்தாலும் அளவு போய்விடும். தூண்டில் நரம்போ, கரண்ட் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையோ விடலாம். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழ் வரும் இடம் தெரியும். ஈயம் வைக்கும்போது கொஞ்சமாக வையுங்கள். மிதவை கனத்தால் பெட்ரோல் மட்டம் ஏறும், மைலேஜ் இறங்கும். கேஸ்கெட் ஷீட்டை பாடியின் மேலே வைத்துச் சின்னச் சுத்தியலால் ஓரம் தட்டினாலே அச்சாக வெட்டிக்கொள்ளும். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது, அதை முதலில் மாற்றுங்கள். கலவையும் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடும், மெயின் ஜெட் ஒரு சைஸ் ஏற்ற வேண்டி வரலாம். மைனர் தம்பி, ஊசியைத் தேய்ப்பதெல்லாம் தவறான பழக்கம்.

சேலத்துக்காரி

ஃபிட்டர் ஐயா, அவர் அப்பா பொழுதுபோகாமல் தேய்த்தாரா? கடையில் வேறு ஊசி விற்ற காலமா அது? படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என்னுடையது மாருதி 800, பழைய கார்புரேட்டர் மாடல். அப்பாவின் வண்டி, விற்க மனமில்லை, செலவழிக்கக் காசுமில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்து பாடியைக் கவிழ்த்ததும் பம்ப்பின் குட்டி எஃகு உருண்டை துள்ளி எங்கோ ஓடிவிட்டது. பயப்படாமல் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றித் தரை முழுக்கத் தடவினேன். பீரோவுக்கு அடியில் 'டிக்' என்று ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் இரண்டு உருண்டை. ஒரே அளவு, ஒரே பளபளப்பு.

ஒன்றைப் போட்டேன். ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தால் தொண்டைக்குள் பெட்ரோல் சன்னமாக, நேராகப் பீய்ச்சுகிறது. ஏற்காடு கொண்டை ஊசி வளைவெல்லாம் இரண்டாவது கியரில் ஏறுகிறது. அப்படியானால் அந்த இன்னொரு உருண்டை எங்கிருந்து வந்தது?

பத்மினிக்காரன், கோவை

ரசிகன் சொன்னது சரிதான், ஓரத்தில் நூல் தெரிகிறது. அப்படியென்றால் வெட்டியவர் கையில் உபரியாக ஒரு பம்ப் டயாப்ரம் இருந்திருக்கிறது. அப்போது நடுரோடாக இருக்காது. பட்டறைதான். பட்டறையில் ஏன் ஆணியைக் காய்ச்சிச் சுட வேண்டும்? பஞ்ச் இருக்காதா?

ஜிபி ரோடு ரசிகன்

எல்லாப் பட்டறையிலும் பஞ்ச் இருக்கும் என்று யார் சொன்னது சார்?

சேலம் மேடம், உருண்டை 1/8 அங்குலமா என்று வெர்னியரில் பாருங்கள். சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் இருப்பதும் அதே சைஸ்தான். என்றைக்கோ கழன்று உருண்டு போயிருக்கும்.

சேலத்துக்காரி

பார்த்துவிட்டேன், இரண்டும் 1/8 தான். எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது.