பெயர் எழுதாத பழைய படங்களைத் தேட ஏஐ உதவுமா?

குன்னூர்க்காரன்:
தாத்தா இங்கே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் விட்டுப்போன படங்கள் 3,000 இருக்கும், எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிவிட்டேன், கூடவே ஒரு பெட்டி பழைய தமிழ் நோட்டீஸ் (பாதி பூஞ்சை பிடித்துவிட்டது, நம்ம ஊர் ஈரம் தெரியுமே). எதிலும் பெயர், தேதி கிடையாது. 'மலை ரயில்', 'தோடர் வீடு' என்று தட்டினால் படம் வர வேண்டும். முடியுமா? கோடிங் அரைகுறையாகத் தெரியும்.

கோத்தகிரி வாசி:
முடியும். 2021இல் ஓப்பன்ஏஐ விட்ட கிளிப் மாடலைப் பாருங்கள், இலவசம். 40 கோடிப் படங்களை அவற்றின் வாசகங்களோடு பார்த்துப் பழகியது. படம், வார்த்தை இரண்டையும் எண் வரிசையாக்கி எது எதற்கு நெருக்கம் என்று பார்க்கும், அதனால் படத்துக்குப் படம் குறிப்பு எழுத வேண்டாம். மூல மாடல் ஆங்கிலத்தில் பழகியது, தமிழில் தட்ட பன்மொழி வகை எடுங்கள். ரயில் அருமையாக வரும். தோடர் வீடு கேட்டபோது எனக்கு வைக்கோல் போரும் கூண்டு வண்டியும் வந்தன! பாதி பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வீட்டை அது எங்கே அதிகம் பார்த்திருக்கும்? அதனால் தெரிந்த ஒரு மந்து (தோடர் குடியிருப்பு) படத்தையே கொடுத்து 'இது மாதிரி' தேடுங்கள்.

பழைய தாள்:
நோட்டீஸுக்கு டெஸராக்ட், படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் இலவச மென்பொருள், தமிழும் படிக்கும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் அந்தத் தும்பிக்கை வைத்த லை, னையில் சொதப்பும், எனக்கு 'மலை' என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. ஓரெழுத்து பிசகினாலும் பொருந்துகிற மாதிரி தேடலைத் தளர்த்தி வையுங்கள். அப்புறம் ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒன்றுதான் என்று நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

குன்னூர்க்காரன்:
மலையும் போய் யானையும் போனால் நீலகிரியில் என்னங்க மிச்சம் :)

ஹட்டிப் பொண்ணு:
அண்ணா, ஒரே மாதிரி முகங்களை மெஷின் சேர்த்துக் கொடுக்கும், யார் என்று சொல்லாது. எங்கள் ஹட்டியில் (படகர் ஊர்) லேப்டாப்பை நடுவீட்டில் வைத்தோம், ஒரு பாட்டி ஒரே சாயங்காலத்தில் நாற்பது பேரைச் சொல்லிவிட்டார், யார் யாருக்கு என்ன உறவு என்பது உட்பட. சாவு வீட்டுப் படம் இரண்டை மட்டும் வெளியே காட்டாதே என்றார், எடுத்துவிட்டோம். மந்துப் படங்களையும் அங்கே போய்க் காட்டாமல் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

குன்னூர்க்காரன்:
சரிம்மா, காட்டிவிட்டே ஏற்றுகிறேன். முதலில் ரயில் படங்களில் ஆரம்பிக்கிறேன். என் லேப்டாப் 8 ஜிபி ரேம்தான், போதுமா?

கோத்தகிரி வாசி:
தாராளமாக. எண்ணாக்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள்.