மறு: குதிரை முகத்தில் வலி – கலைச்சொல் எது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

குதிரையின் முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் முறைக்கு ஒரு சொல் கேட்டேன், ஐந்து வந்து நிற்கிறது: முகச்சுளிப்பு அளவுகோல், வலிமானி, வலிக்குறிப்பு, நோமெய்ப்பாடு, வலிமுகம். தனித்தனியாகப் பதில் போட்டால் இழை சிக்கலாகிவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரே மடல். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் ஒட்டுவதற்காக ஒரு பக்கத் தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர் கால்நடை மருத்துவர் அல்ல, சைஸ். (இங்கே குதிரை பார்ப்பவரை எல்லா மொழிக்காரர்களும் சைஸ் என்றுதான் சொல்கிறோம். அதற்கு இந்தக் குழுமத்தில் யாரும் மாற்றுச் சொல் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.) மருத்துவர் கூப்பிட்டால்தான் வருவார். ராத்திரி முழுக்க ஒரு குதிரை வயிற்று வலியோடு நின்றிருந்தால், விடிவதற்கு முன் தீவனத்தோடு வந்து அதன் முகத்தை முதலில் பார்க்கிறவர் சைஸ்தான்.

நாம் பெயர் தேடுவது, குதிரையின் முகத்தைப் பார்த்து அதற்கு வலி இருக்கிறதா, எவ்வளவு என்று மதிப்பெண் போடும் முறைக்கு. 2010-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிக்கு இப்படி ஒன்றை முதலில் செய்தார்கள். 2014-இல் மிலான் பல்கலைக்கழகக் குழு குதிரைக்கு அமைத்தது. காயடிப்பதற்காக வந்த 40 ஆண் குதிரைகளை அறுவைக்கு முன்னும், முடிந்து 8 மணி நேரம் கழித்தும் படம் பிடித்து, முகங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூடவே 6 குதிரைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, வலிக்காத வேறு ஏதோ வேலை மட்டும் செய்தார்கள். அறுவை நடந்த குதிரைகளுக்கு மதிப்பெண் ஏறியது, அந்த ஆறுக்கு ஏறவில்லை. அதாவது முகம் மாறியது மயக்க மருந்தால் அல்ல. முகத்தில் ஆறு அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, மொத்தம் 12. முறை அவ்வளவுதான்.

இனி ஒவ்வொரு சொல்லாக வருகிறேன்.

> முகச்சுளிப்பு என்று நல்ல சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

பட்டர்வொர்த் ஆசிரியை அம்மா கேட்டிருந்தார். நல்ல சொல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முகம் சுளிப்பது என்றால் பிடிக்காததைப் பார்த்துச் செய்வது. குழம்பில் உப்பு கூடினால் சுளிக்கிறோம், வேண்டாதவர் வாசலில் வந்து நின்றால் சுளிக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் மனசு வந்துவிடுகிறது. லாயத்தில் இதன் விளைவு எனக்குத் தெரியும்: "இந்தக் குதிரை எப்பவுமே சிடுமூஞ்சி" என்று ஒரு பேச்சு கிளம்பும். அப்புறம் அதன் முகத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வலியைக் குணம் என்று எடுத்துக்கொள்வதைத் தடுக்கத்தான் இந்தத் தாளே. அதன் தலைப்பிலேயே சுளிப்பைப் போட்டால் காரியம் கெடும்.

வலிமானி வேண்டாம். மானி என்றால் கருவி என்று வெப்பமானியும் அழுத்தமானியும் நமக்குப் பழக்கிவிட்டன. "மானி எங்கே, யார்கிட்ட வாங்குறது?" என்று கேட்பார்கள்.

வலிக்குறிப்பு எனக்கும் முதலில் பிடித்திருந்தது. குறிப்பறிதல் நம் ஊறிய வழக்கு. ஆனால் லாயத்தில் "குறிப்பு எழுதியாச்சா?" என்றால் நோட்டுப் புத்தகம்தான். சரி, குறிப்பைச் சுருக்கி "வலிக்குறி" ஆக்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, காயடித்த குதிரைகளை வைத்து உண்டாக்கிய முறை இது. "குறி" என்று தலைப்புப் போட்டுச் சுவரில் ஒட்டினால் பொடியன்கள் ஒரு மாதம் சிரிப்பார்கள். அதனால் முகத்தின் உறுப்புகளைப் பற்றிச் சொல்லும்போதுகூட "அடையாளம்" என்றே எழுதுகிறேன்.

நோமெய்ப்பாடு: யாழ்ப்பாணத்து நண்பருக்கு, "நோ" ஓரெழுத்தில் வலியைச் சொல்லிவிடுகிறது, அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் மலேசியாவில் சுவரில் "நோ" என்று எழுதினால் "வேண்டாம், கூடாது" என்றுதான் படிப்பார்கள். நோ ஸ்மோக்கிங், நோ பார்க்கிங், அந்த வரிசையில் இதுவும் சேர்ந்துவிடும். மெய்ப்பாடு என்பதோ அச்சம், வெகுளி, உவகை என்று உள்ளத்தில் இருப்பது உடம்பில் வெளிப்படுவது. இந்த முறை குதிரையின் உள்ளத்தைக் கேட்கவே இல்லை. தசை இறுகியிருக்கிறதா, எந்தத் தசை, எவ்வளவு என்று மட்டும் கேட்கிறது. பார்ப்பவர் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். வலியா இல்லையா என்பது கூட்டிப் பார்த்த பிறகு வருகிற முடிவு.

இதனால்தான் தலைச்சொல்லைவிட ஆறு அடையாளங்களின் பெயர்தான் எனக்குப் பெரிய கவலை. அவற்றில் ஒன்றிலும் "வலி" என்ற சொல் வரக்கூடாது, கோபம், சோகம், சோர்வும் வரக்கூடாது. என் வரைவைத் தருகிறேன், தாராளமாக வெட்டுங்கள்.

காதிலிருந்து தொடங்குவோம். லாயத்தில் "காதை மடக்குது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அது இரண்டு வேறு காரியம். குதிரை கடிக்க வரும்போது காதைப் பின்னால் சாய்த்துப் பிடரியோடு ஒட்டிவிடும். வலியில் காது அப்படி ஒட்டாது. பின்பக்கம் திரும்பி, விறைத்து நிற்கும். இரண்டு காதுக்கும் நடுவில் இடைவெளி வழக்கத்தைவிட அகன்று தெரியும். அங்கே இருக்கும் மூத்த சைஸ் அண்ணன் ஒருவர் இதைப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார். தீவன வாளியை லேசாகத் தட்டுவார். மற்ற குதிரைகளின் காது சட்டென்று முன்னால் வரும். "இது பாருங்க, வாளிச் சத்தத்துக்குப் பாதி வந்துட்டு மறுபடி பின்னால போயிடுச்சு" என்று ஒரு பெண்குதிரையைக் காட்டினார். வாளி தட்டுவது மிலான் முறையில் இல்லை, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை அப்படியே எடுத்துக்கொண்டேன்: "மடங்கல, வெறச்சிருக்கு." ஆகவே *காது பின்விறைப்பு*.

கண்ணுக்கு *இமையிறுக்கம்*. இமை ஓரளவு மூடியிருந்தால் 1, கண் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டால் 2. தூங்கி வழியும் குதிரைக்கும் இமை இறங்கும் என்பதால், தூக்கத்தில் இருக்கும்போது மதிப்பெண் போடக்கூடாது என்று தாளில் தடித்த எழுத்தில் வரும்.

கண்ணுக்கு மேலே உள்ள பகுதி இறுகும்போது அடியில் உள்ள எலும்பு மேடு வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஈப்போ ஐயா இதைப் "புருவ நெரிப்பு" என்றார். அழகாக இருக்கிறது, ஆனால் குதிரைக்கு நம்மைப் போலப் புருவம் ஏது? இல்லாததைச் சைஸ் தேடுவார். *கண்மேல் இறுக்கம்* போதும்.

தாடைக்குத் "தாடைப் புடைப்பு" என்று எழுதிவைத்திருந்த ஒரு நண்பருக்கு: புடைப்பு என்றால் வீக்கம் என்று நினைத்து மருந்து தடவப் போய்விடுவார்கள். மெல்லாமல் சும்மா நிற்கும்போதே மெல்லும் தசை இறுகித் திரண்டு தெரிவதுதான் அடையாளம். *தாடைத்தசை இறுக்கம்*.

வாய்: மேலுதடு பின்னுக்கு இழுபடும், கீழுதட்டுக்கு அடியில் ஒரு மோவாய் துருத்திக்கொண்டு தெரியும். மோவாயா, முகவாயா, நாடியா என்று நாம் ஒரு வாரம் சண்டை போடலாம். லாயத்தில் தாவாங்கட்டை. *உதட்டிறுக்கம், தாவாங்கட்டைத் துருத்தல்* என்று இரண்டையும் ஒரே வரியில் போட்டிருக்கிறேன். எழுத்துத் தமிழில் இது இடிக்கிறது என்பவர்கள் அகராதிக்கு மோவாயை வைத்துக்கொள்ளட்டும்.

மூக்குத்தான் என்னைப் படுத்துகிறது. "மூக்கு விடைப்பு" என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள், நாக்கில் முதலில் வருவதும் அதுதான். ஆனால் விடைப்பது என்றால் மூச்சு வாங்கியோ கோபத்திலோ விரிவது. நம் ஊர் வெயிலில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்த எந்தக் குதிரையைப் பார்த்தாலும் மூக்கு விடைத்துத்தான் இருக்கும். அதுவும் குளிர்நாட்டிலிருந்து கொண்டுவரும் குதிரைகளில் சிலவற்றுக்கு இங்கே வியர்வையே நின்றுபோகும். உடம்புச் சூட்டைத் தணிக்க வழியில்லாமல் நிழலில் நின்றும் மூச்சு வாங்கும். இவை எல்லாவற்றுக்கும் 2 போட்டால் தாள் ஒரே நாளில் மதிப்பிழந்துவிடும். வலியில் நாசித் துளை கொஞ்சம்தான் விரியும், ஆனால் ஓரம் கெட்டியாக நிற்கும். மூக்கின் பக்கத்தோற்றம் வளைவு போய்த் தட்டையாகும். உதடு நீண்டு தெரியும். எனவே *நாசி விறைப்பு*. மூச்சு முழுக்க அடங்கிய பிறகு பார்க்கவும் என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். மூக்குப்பட்டையும் கழற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி முகம் மறைந்துவிடும்.

தலைச்சொல்லுக்கு வருகிறேன். என் ஓட்டு *வலிமுகத்துக்கு*. அதில் ஒரு வசதியும் இருக்கிறது. மிலான்காரர்கள் மதிப்பெண் முறை அமைத்த அதே சமயத்தில் கோபன்ஹேகனில் ஒரு குழு, வலியில் குதிரை முகம் எப்படி இருக்கும் என்று தனியாக விவரித்தது. ஆறு குதிரைகள், முன்காலில் இறுக்குப்பட்டை கட்டியும், மிளகாயின் காரச்சத்தைத் தோலில் தடவியும் சிறிது நேர வலி உண்டாக்கிப் பார்த்தார்கள். இரண்டு காதும் ஒரே மாதிரி இல்லாமல் தாழ்ந்திருப்பது, உள்வாங்கிய வெறித்த பார்வை, இப்படி அவர்கள் சொன்னது ஒரு தோற்றம். அதை வலிமுகம் என்போம். மதிப்பெண் போடும் மிலான் முறையை *வலிமுக அளவை* என்போம். 2015-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் குதிரை முகத்தின் 17 தசை அசைவுகளை எண் போட்டு வகைப்படுத்தினார்களே, அது வலி பற்றியதே இல்லை. அதற்கு "முகவசைவுத் தொகுப்பு" போன்ற ஏதாவது ஒன்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் அடியுங்கள்.

– – –

(ஈப்போவிலிருந்து)

புருவத்தை விட்டுவிட்டேன், வருத்தமில்லை. ஆனால் வலிமுகத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வடமொழியில் "வலீமுகம்" என்றால் குரங்கு! வலீ என்றால் தோல் சுருக்கம்; சுருங்கிய முகம் உடையது என்று பெயர். குதிரைக்குப் பெயர் வைக்கப் போய்க் குரங்கில் முடித்துவிட்டோம் என்று நாளை ஒருவர் கட்டுரை எழுதுவார். தவிர, வலி என்றால் வலிமை என்றும் பொருள் உண்டே. பலமான முகம் என்று யாராவது எடுத்துக்கொண்டால்?

– – –

(பட்டர்வொர்த்திலிருந்து)

குரங்கானால் ஆகட்டும் ஐயா. அந்தப் பொருளில் அந்தச் சொல்லை இன்று யார் புழங்குகிறார்கள்? வலிமைக் குழப்பமும் வராது. தலைவலி, பல்வலி என்று சொல்லும்போது யாரும் பலமான பல் என்று நினைப்பதில்லை. சுளிப்பை நானும் விட்டுக்கொடுக்கிறேன், சிடுமூஞ்சி விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது ஒரு பதிப்பில் அது "முகவலி அளவை" என்று திரும்பிவிட்டால் போச்சு, முகத்தில் வலி என்று ஆகிவிடும்.

இன்னொன்று: முதல் மடலோடு இணைத்த வரைவில் 1-க்கு "மிதம்" என்று இருக்கிறது. மிதமான சூடு, மிதமான மழை என்றெல்லாம் சொல்வோம். மிதம் என்றாலே நல்லது என்று ஒரு நினைப்பு வந்துவிடும். வலிக்கு அது சரியாக இல்லை.

– – –

மிதம் போய் "ஓரளவு" வந்துவிட்டது, நன்றி அம்மா. 0 இல்லை, 1 ஓரளவு, 2 தெளிவாக. மூன்றும் சைஸ் அண்ணனிடம் படித்துக் காட்டினேன், கேள்வி எதுவும் கேட்கவில்லை. நாசி விறைப்பை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அதன் பக்கத்தில் சாதாரண மூக்கு, ஓடிவந்த மூக்கு, விறைத்த மூக்கு என்று மூன்று படம் சேர்க்கிறேன். சொல் மட்டும் அந்த வேலையைச் செய்யாது என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஈப்போ ஐயாவின் குரங்கை அடிக்குறிப்பில்கூடப் போடப் போவதில்லை. தாளில் இடமில்லை.

ஆள் ஏறி ஓட்டும்போது குதிரை காட்டும் வலி அடையாளங்களுக்குக் குதிரை மருத்துவர் சூ டைசன் 2018-இல் கொடுத்த பட்டியல் வேறு. 24 நடத்தைகள், அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பு, தசைப் பக்கம் வலி இருக்கலாம் என்று பார்க்கச் சொல்வது. அதில் வால் சுழற்றுவது, கால் தடுக்குவது எல்லாம் வரும் என்பதால் வலிமுகம் என்ற சொல் அதற்குப் பொருந்தாது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். "சவாரி வலிப் பட்டியல்" என்பதற்கு ஆட்சேபம் இருப்பவர்கள் அங்கே வாருங்கள்.