செக்மென்டேஷன் கிளாக்: கடிகாரம் வேணாம், துண்டத்தாளம்

அண்ணா, செக்மென்டேஷன் கிளாக்குக்குத் தமிழ்ல நீங்க சொன்ன "துண்டாக்கக் கடிகாரம்"ங்கற பேர் எனக்கு ஒட்டல. கடிகாரம்னா இப்ப மணி என்னன்னு காட்டணும். கருவோட வால் பக்கத்து செல்லுக்குள்ள நடக்கறது வேற. எலியில ஹெஸ்7னு ஒரு ஜீன், அது ஒரு புரோட்டீன உண்டாக்குது, அந்த புரோட்டீனே திரும்பி வந்து தன் ஜீன அணைச்சிடுது, கொஞ்ச நேரத்துல புரோட்டீன் சிதைஞ்சு போயிடும், அமுக்கி வைக்க ஆளில்ல, ஜீன் மறுபடி எழும்புது, திரும்பவும் அணையுது, இப்படியே ஓடிட்டிருக்கு. ஒரு சுத்துக்கு ஒரு ஜோடி சோமைட், அதாவது கருவோட முதுகு நெடுக வரிசையா உருவாகற திசுத் துண்டு. முதுகெலும்பு, விலா, உடம்புத் தசை எல்லாம் அதுலேருந்துதான். இது சுத்தமா தாளம்.

கண்டத்தாளம்னு வைக்கலாம்னு பாத்தா கர்நாடக சங்கீதத்துல இருக்கற கண்ட சாபு தாளம் ஞாபகம் வந்து எல்லாரும் அஞ்சு அட்சரம் எண்ண ஆரம்பிச்சிடுவாங்க. அதனால துண்டத்தாளம்.

தாளம் எப்போன்னு சொல்லும், எங்கன்னு சொல்லாது. இடத்த முடிவு பண்றது வால்ல அதிகமா இருந்து தலைப்பக்கம் போகப்போக குறையற சிக்னல்கள், எஃப்ஜிஎஃப்ங்கற வளர்ச்சிப் புரோட்டீன் மாதிரி. அது ஒரு அளவுக்குக் கீழ குறையற எல்லையிலதான் துண்டம் விழும். கரு நீள நீள அந்த எல்லை வால் பக்கமா நகருது. 1976லயே குக், ஸீமன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜீன் எதுன்னே தெரியாம தாளம், எல்லை ரெண்டையும் சேத்து மாடல் போட்டாங்க, கோழிக்கருவுல ஒரு ஜீன் 90 நிமிஷத்துக்கு ஒருக்கா ஏறி இறங்கறத 1997லதான் காட்டினாங்க. அந்த எல்லைக்கு பிசிக்ஸ்ல வேவ்ஃப்ரன்ட்டுக்கு இருக்கற அலைமுகப்புங்கற சொல்லே போதும், புதுசா எதுவும் வேணாம்.

தாளம்னு வைக்கறதுல இன்னொரு லாபம் இருக்கு. வரிக்குதிரை மீனுக்கு ஒரு சுத்து சுமார் 30 நிமிஷம், எலிக்கு 2 மணி நேரம், மனுசனுக்கு கிட்டத்தட்ட 5 மணி நேரம். மனுச ஹெஸ்7 ஜீன எலி செல்லுல வச்சு பாத்தாங்க, அது எலியோட வேகத்துலயே ஓடுச்சு! அப்ப வேகம் அந்த ஜீனோட எழுத்துல இல்ல, அந்த செல்லு புரோட்டீன செய்யற, சிதைக்கற நிதானத்துல இருக்கு. இந்த நிதானத்துக்கு காலப்பிரமாணம்ங்கற சொல் அப்படியே பொருந்துது, தாளம் ஒண்ணு, காலப்பிரமாணம் வேற. பாம்புல உடம்பு வளர்ற வேகத்துக்கு தாளம் நெருக்கமா விழுது, அதான் சோளப்பாம்புக்கு 300க்கு மேல துண்டம்.

தமிழ்ப் பேர் வைக்க பாக்கி இருக்கறது சோமைட்தான். உடல்துண்டம்னா மண்புழுவோட குழம்பும், முதுகுத்துண்டம்னா தசைய விட்ட மாதிரி ஆகுது. வகுப்புல பாடம் எடுக்கறவங்க பசங்ககிட்ட எது நிக்குதுன்னு சொல்லுங்க.