நிறநிழலா, வண்ணநிழலா? நாளை மாலைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிறுவர் அறிவியல் செய்முறை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. மூன்று டார்ச் விளக்குகளின் முகத்தில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித்தாள் ஒட்டி, இருட்டறையில் ஒரே வெள்ளைச் சுவரில் பாய்ச்ச வேண்டும். மூன்றும் கலக்கும் இடம் ஏறக்குறைய வெள்ளை. குறுக்கே பென்சிலைப் பிடித்தால் மூன்று நிழல்: நீலத்தை மறைத்த நிழல் மஞ்சள், பச்சையை மறைத்தது மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு), சிவப்பை மறைத்தது சயான் (பச்சை கலந்த நீலம்). நேற்றிரவு செய்து பார்த்தோம். "மஞ்சத் தாளே ஒட்டலியே, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று மகள் சுவரைத் தொடப் போனாள். விரல் நெருங்க நெருங்க நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவில் கருப்பு விழுந்தது.

இந்த நிழலுக்கு 'நிறநிழல்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மறுமொழி 1

அம்மா, இது நிறத்தினது நிழலா, நிறத்தை உடைய நிழலா? முன்னது ஆறாம் வேற்றுமைத் தொகை. பின்னது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பிள்ளைகள் முன்னதாகத்தான் கொள்வார்கள். 'வண்ணநிழல்' என்றாலும் இதே சிக்கல்தான். தவிர, வண்ணம் வர்ணத்தின் திரிபு.

மறுமொழி 2

வண்ணத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, ஐயா. செய்யுளியலில் தொல்காப்பியர் 20 வண்ணங்களைச் சொல்கிறார். அங்கே வண்ணம் நிறமல்ல, பாட்டின் ஓசை என்கிறீர்களா? ஆகட்டும். நிழலையும் பாருங்கள்: பழைய வழக்கில் அதற்கு ஒளி, பிரதிபிம்பம் என்றும் பொருள் உண்டு. 'நிழற்படம்' நமக்கு உறுத்தவில்லையே. ஒளியுள்ள நிழல் தமிழுக்குப் புதிதல்ல.

மறுமொழி 3

இயற்பியல் ஆசிரியராகச் சொல்கிறேன்: நிழலுக்கு யாரும் நிறம் பூசவில்லை. ஒரு விளக்கு மறைய, மற்ற இரண்டும் எஞ்சுகின்றன; சிவப்பும் பச்சையும் எஞ்சினால் மஞ்சள். ஆகவே 'எஞ்சொளி நிழல்'. 1810-இல் ஜெர்மன் கவிஞர் கதே தம் நிறக்கோட்பாட்டு நூலில் எழுதிய நீல நிழல் வேறு: அந்தி வெளிச்சத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினால் தெரிவது. அதில் கண்ணின் பங்கு பெரிது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மேல்வகுப்பில் குழப்பம்தான்.

மறுமொழி 1

எஞ்சொளி நல்ல வினைத்தொகை. வாய்க்கும் இதம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு?

முதல் மடலாளர்

அனைவருக்கும் நன்றி. மகளிடம் மூன்றையும் சொன்னேன். கேட்டதும் புரிந்தது வண்ணநிழல்தான். தனிமடலில் எழுதிய மூவரும் அதையே சொன்னார்கள். அதையே அனுப்புகிறேன்.

மறுமொழி 3

அனுப்புங்கள். ஆனால் மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்டதற்கு வண்ணநிழலில் விடை இல்லை, அம்மா. படத்தின் கீழாவது எஞ்சொளி என்று ஒருமுறை அச்சேறட்டும்.